பீச் ரோடு ஆபீஸின் பாஸ்வேர்டும் துறைமுகத்தின் கேட்டும்

பார்ப்பதற்குப் பென் டிரைவ் போலவே இருக்கும். ஆனால், பென் டிரைவ் இல்லை. டி.எஸ்.சி. டோக்கன் என்பார்கள். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு வேலை பார்க்கும் அலுவலகங்களில் இது சர்வசாதாரணம். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து இதற்குள்தான் இருக்கிறது. சுங்கத்துறைக்கு ஆவணம் தாக்கல் செய்ய, அரசு டெண்டரில் விலை போட, கம்பெனிக் கணக்கைச் சமர்ப்பிக்க என எல்லாவற்றுக்கும் இது வேண்டும். சட்டப்படி, பேனாவால் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு இதற்கும் உண்டு.

நம் ஊர் சின்ன அலுவலகங்களில் இந்த டோக்கனை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் தெரியும். காலையில் கம்ப்யூட்டரில் செருகினால் இரவு வரை அங்கேயேதான் கிடக்கும். பின் நம்பர், மானிட்டரின் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்கும். முதலாளி மதுரைக்குப் போயிருந்தால் வேலை நின்றுவிடக் கூடாதே! செக் புத்தகத்தின் எல்லாத் தாள்களிலும் கையெழுத்து போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போவாரா அதே முதலாளி? நிச்சயம் போகமாட்டார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, இந்தச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பைச் சொந்தக்காரர் தலையில்தான் வைக்கிறது. தொலைந்தாலோ, வேறொருவர் கைக்குப் போனாலோ சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கு உடனே சொல்ல வேண்டியதும் அவர்தான். 'ஆபீஸ் பையன் போட்டுவிட்டான்' என்று பிறகு கைகழுவுவது சுலபமில்லை.

சரி, ஒரு சின்ன ஆபீஸின் டோக்கனுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

அரசு துறைமுகம், தனியார் வேலை

வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அதற்குள் நடக்கும் வேலையில் பெரும்பகுதி தனியார் கையில். கன்டெய்னர் முனையங்களை நடத்துவது தனியார். 2024 செப்டம்பரில் பிரதமர் தொடங்கிவைத்த புதிய சர்வதேச கன்டெய்னர் முனையமும் அப்படித்தான். கப்பல் ஏஜென்ட்டுகள், சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் நிறுவனங்கள், கஸ்டம்ஸ் புரோக்கர்கள், ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்கள், லாரி கம்பெனிகள் என்று இந்த வரிசை நீளும். கம்ப்யூட்டர் பராமரிக்கும் நிறுவனம், கேமரா மாட்டியவர், காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி ஆகியோரும் இதில் உண்டு.

இவர்களில் சிலர் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவர்கள். சிலர் ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்தம் எடுத்தவர்கள். சிலரிடம் ஒப்பந்தமே இல்லை, லைசென்ஸ் மட்டும்தான். ஆனால், எல்லோருடைய கம்ப்யூட்டரும் ஏதோ ஒரு வழியில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்கிறது. கப்பல் வருவதற்கு முன்பே சரக்குப் பட்டியல் சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' தளத்துக்குப் போய்விடும். துறைமுக விவரங்கள், 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட கடல்சார் தேசிய லாஜிஸ்டிக்ஸ் தளத்தில் ஏறும். வேலையை எளிதாக்குவது இந்த இணைப்புதான். ஒருவர் வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் பரவும் வழியும் இதுதான்.

அரசுக்காகத் தனியார் வேலை பார்ப்பதும், அவர்களை அரசு சந்தேகத்தோடு பார்ப்பதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து எடுத்த சிப்பிகளைக் கரையில் வேலி போட்ட இடத்தில் கொட்டி எண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. வரும் வழியிலேயே படகில் யாராவது சிப்பியைப் பிளந்து முத்தை எடுத்துவிடாமல் இருக்கக் கண்காணிப்பு தனி. சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'களும் இருந்தார்கள். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, கடல்கட்டி இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்ததால், அவர்களுக்கும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது அரசு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

கரன்ட் கட் காப்பாற்றிய கம்பெனி

2017 ஜூன் 27. உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து இருண்டன. 'நாட்பெட்யா' என்ற வைரஸ். அது மேர்ஸ்க்கைக் குறிவைத்து அனுப்பப்பட்டதுகூட இல்லை. உக்ரைனில் வரிக்கணக்கு போடப் பரவலாகப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட்டுக்குள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். உக்ரைனில் இருந்த மேர்ஸ்க் அலுவலகத்திலும் அந்த மென்பொருள் இருந்தது. அதன் வழியே நுழைந்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நம்மூர் டேலி போல ஒரு கணக்கு மென்பொருள்தான் அது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள்.

அன்றைக்கு மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில், மேர்ஸ்க் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. அமெரிக்காவில் துறைமுக வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மேர்ஸ்க்கின் நெட்வொர்க்கில் யார் யாருக்கு எந்த அனுமதி என்ற விவரத்தைத் தாங்கும் சர்வர்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. அது ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது. காரணம், வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரன்ட் கட்! அந்த அலுவலகத்தில் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லாததால், ஹார்டு டிஸ்க்கை ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய் இன்னொருவரிடம் ஒப்படைக்க, அவர் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். பத்து நாள்களில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக அமைத்ததாக அந்நிறுவனத்தின் தலைவர் பிறகு சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

மேர்ஸ்க்கிடம் பணம் இருந்தது, ஆள் இருந்தது. பீச் ரோட்டில் பன்னிரண்டு பேரோடு நடக்கும் அலுவலகத்திடம் என்ன இருக்கிறது?

அதே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் 2022 பிப்ரவரியில் இன்னொரு முனையம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. வரவேண்டிய கப்பல்களைப் பக்கத்து முனையங்களுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா. அங்கே எல்லா முனையங்களையும் இயக்கும் பொது கம்ப்யூட்டர் அமைப்பைத் துறைமுகப் போக்குவரத்துச் சங்கம் ஒன்று நடத்துகிறது. ஒருநாள் காலை அது திறக்கவில்லை. பிரின்டர் தானாக மிரட்டல் கடிதத்தை அச்சடித்துத் தள்ளியது. சுமார் இரண்டரை நாள் கன்டெய்னர் வேலை நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டிபி வேர்ல்டு நடத்தும் நான்கு துறைமுக முனையங்கள் சில நாள்கள் மூடப்பட்டு, சுமார் 30,000 கன்டெய்னர்கள் தேங்கின.

இந்தச் செய்திகளில் எல்லாம் கப்பலும் கிரேனும்தான் படமாக வரும். வாசலில் நிற்கும் லாரி டிரைவர் வரமாட்டார். திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றி வந்தவருக்கு இரண்டு நாள் வாடகை போனால், அந்த மாத டியூவில் இடிக்கும். இறால் ஏற்றிய குளிர்சாதன கன்டெய்னர் என்றால், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். யார் கொடுப்பது என்ற சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

திருடனுக்கு வேண்டியது ரிலீஸ் நம்பர்

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நடந்தது இதைவிடப் பயங்கரம். 2011-லிருந்து ஒரு போதைப்பொருள் கும்பல், தென் அமெரிக்காவிலிருந்து வரும் மரம், வாழைப்பழ கன்டெய்னர்களுக்குள் சரக்கை ஒளித்து அனுப்பியது. கன்டெய்னரை வெளியே எடுக்க ரகசிய எண் வேண்டுமே? ஹேக்கர்களைக் கூலிக்கு அமர்த்தி, துறைமுகத்தில் இயங்கிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு வைரஸ் மெயில் அனுப்பினார்கள். நிறுவனங்கள் விழித்துக்கொண்டு தடுப்பு போட்டதும், நேரடியாக அலுவலகத்துக்குள் புகுந்து, தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் கருவிகளைப் பவர் ஸ்ட்ரிப்புக்குள் மறைத்து வைத்தார்கள். உரிமையாளர் வருவதற்கு முன்பே கும்பலின் லாரி வந்து கன்டெய்னரை எடுத்துப் போய்விடும். 2013-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

தூத்துக்குடிக்கு மரத்தடி ஏற்றி வந்த ஒரு கன்டெய்னரில் 300 கிலோவுக்கும் அதிகமான கோகைனை 2021 ஏப்ரலில் வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. அதில் ஹேக்கிங் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால், அவ்வளவு மதிப்புள்ள சரக்கு ஒரு துறைமுகத்துக்கு வரும் என்றால், அதை எடுக்க ஒரு பாஸ்வேர்டுக்குப் பெரிய விலை கொடுக்கவும் ஆள் இருப்பான் என்பதைப் புரிந்துகொள்ள அதுவே போதும்.

கடற்கரையோடு தெற்கே போனால் கூடங்குளம். 2019 செப்டம்பர் 4-ம் தேதி அங்கே ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாக இந்திய அணுமின் கழகத்துக்குத் தகவல் போனது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்தபோது முதலில் வந்தது மறுப்பு. மறுநாளே, அக்டோபர் 30-ம் தேதி, வைரஸ் இருந்தது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் அது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றது. அப்படித் தனியாக வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. அலுவலக கம்ப்யூட்டரும் கிரேனை இயக்கும் கம்ப்யூட்டரும் ஒரே வயரில் தொங்கும் இடங்களில் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

ஆறு மணி நேரம்

விதிகள் இல்லாமல் இல்லை. அந்த வைரஸ் தகவலைக் கொடுத்த அமைப்பின் பெயர் செர்ட்-இன். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு இது. 2022 ஏப்ரல் 28-ம் தேதி இது போட்ட உத்தரவு, அரசு அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, கம்பெனிகளுக்கும் பொருந்தும். ஹேக்கிங், தகவல் கசிவு, ரேன்சம்வேர் போன்ற எதுவானாலும், தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் ராணுவ ஒப்பந்ததாரர்களுக்கே 72 மணி நேரம் அவகாசம் இருக்கிறது. நம் விதி அதைவிடக் கறார்.

கம்ப்யூட்டரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எல்லா கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் அரசு நிர்ணயித்த நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால், கேட் பதிவில் லாரி 10.40-க்கு வெளியேறியிருக்கிறது, கேமரா 10.25 என்கிறது, சர்வர் 10.52 என்கிறது என்றால், கன்டெய்னரை எடுத்தது யார் என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இவை எல்லோருக்கும். அரசு வேலை எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். 2023 ஜூனில் அரசு அலுவலகங்களுக்கென்று செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வெளி நிறுவனங்களிடம் வேலை கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்கின்றன. அரசுக்கு இணையதளமோ மென்பொருளோ செய்து கொடுத்தால், செர்ட்-இன் பட்டியலில் உள்ள ஆடிட்டரிடம் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் அரசு சர்வரில் ஏற்றுவார்கள். கண்காணிப்பு கேமராக்கள்கூட, 2025 ஏப்ரல் 9 முதல், குறிப்பிட்ட பாதுகாப்புச் சோதனைகளில் தேறினால்தான் விற்கவே முடியும். மலிவாகக் கிடைக்கிறதென்று கேட்டில் மாட்டிய கேமராவின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருந்த காலம் இனி போகும் என்று நம்பலாம்.

பாஸ்வேர்டு என்றதும் இன்னொன்று. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்த செய்தி நினைவிருக்கலாம். மென்பொருளை உருவாக்கியது மத்திய அரசு நிறுவனமான சி-டாக். பூட்டு எப்படிப்பட்டதாக இருந்தாலும், கள்ளச்சாவி ஒரு யூசர் கணக்கு வழியாகத்தான் கிடைக்கிறது.

எல்-1 என்ற மந்திரம்

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் ஓட்டை எங்கே? டெண்டர் போட்டவர்களைக் கேட்டால் 'எல்-1' என்பார்கள். அதாவது, தகுதி பெற்றவர்களில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே வேலை. ஒருவர் உரிமம் பெற்ற மென்பொருள், தனி பேக்கப், ஆண்டுதோறும் ஆடிட் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விலை சொல்கிறார். இன்னொருவர் இதெல்லாம் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று குறைவாகச் சொல்கிறார். வேலை யாருக்குப் போகும்? நேர்மையாகச் செலவு செய்பவரைத் தோற்கடிக்கிற முறை இது. பாதுகாப்புச் செலவைத் தனி வரியாக எழுதி, அதில் போட்டி வேண்டாம் என்று டெண்டரிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

சான்றிதழ் கேட்கிறார்களே என்றால், கேட்கிறார்கள்தான். ஐ.எஸ்.ஓ. 27001 நகலைக் கடைசிப் பக்கத்தில் இணைத்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழில் 'ஸ்கோப்' என்று ஒரு வரி இருக்கும். சென்னை தலைமை அலுவலகத்தை மட்டும் சோதித்து வாங்கியதா, தூத்துக்குடிக் கிளையையும் சேர்த்தா என்பது அந்த வரியில்தான் தெரியும். அதைப் படிக்காமல் டிக் அடிப்பதற்கும் கடல்கட்டியின் மந்திரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 2018-ல் அந்நாட்டுக் கடற்படையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து 614 ஜிகாபைட் தகவல் திருடுபோனது. நீர்மூழ்கிக் கப்பல் ரகசியங்கள் அதில் இருந்தன. அதுவரை, 'நாங்கள் எல்லா விதிகளையும் பின்பற்றுகிறோம்' என்று ஒப்பந்ததாரரே எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது சி.எம்.எம்.சி. என்ற முறையை 2025 நவம்பர் 10 முதல் படிப்படியாக ஒப்பந்தங்களில் சேர்க்கிறார்கள். முக்கியத் தகவலைக் கையாளும் நிறுவனம் 110 நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய வேண்டும். பல ஒப்பந்தங்களுக்கு வெளி ஆள் வந்து சோதிப்பார். சின்ன நிறுவனங்கள் செலவு தாங்கவில்லை என்று புலம்புகின்றன. அந்தப் புலம்பலில் நியாயமும் இருக்கிறது.

தூத்துக்குடி அளவுக்கு ஒத்துவருவது பிரிட்டனின் வழி. 2014 அக்டோபரிலிருந்து சிலவகை அரசு ஒப்பந்தங்களுக்கு 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்று கட்டாயம். கேட்பது ஐந்து விஷயங்கள்தான்: ஃபயர்வால், பாதுகாப்பான செட்டிங்ஸ், யாருக்கு என்ன அனுமதி என்ற கட்டுப்பாடு, வைரஸ் தடுப்பு, தவறாமல் அப்டேட். அணு உலைக்கும் எடைமேடைக்கும் ஒரே நிபந்தனை போடுவது இரண்டுக்குமே உதவாது.

டிரைவரின் ஆதார் நகல்

கேட் பாஸுக்காக டிரைவர்கள், கிளீனர்கள், கூலித் தொழிலாளர்கள் கொடுக்கும் ஆதார் நகலும் போட்டோவும் எங்கே போகின்றன? இதுபோன்ற வேலைகளில் பெரும்பாலும் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு. அங்கிருந்து குரூப்புக்கு. வேலை முடிந்து ஆள் போய் மூன்று வருடம் ஆனாலும் நகல் அங்கேயே இருக்கும். அதை வைத்து யாரோ சிம் கார்டு வாங்கினால், போலீஸ் வந்து நிற்பது அந்த டிரைவர் வீட்டு வாசலில்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, 18 மாத அவகாசம் முடிந்து 2027 மே மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வரும். தகவலைச் சேகரித்த நிறுவனம் அதை வேறொரு கம்பெனியிடம் கொடுத்து வேலை வாங்கினாலும், பொறுப்பு சேகரித்த நிறுவனத்துடையதுதான். முறையான ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்கவும் கூடாது. போதிய பாதுகாப்பு இல்லாமல் கசிந்தால், அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதனால், பெரிய நிறுவனங்கள் தங்கள் துணை ஒப்பந்ததாரர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். பதில் வைத்திருக்காத சின்ன நிறுவனம் வேலையை இழக்கும். அங்கே வேலை பார்ப்பவர்களும்தான்.

இப்போதே செய்யக்கூடியவை காசு கேட்காதவை. ஆளுக்கொரு யூசர் ஐ.டி. கொடுப்பது, வேலையை விட்டுப் போனவரின் ஐ.டி.யை அன்றே மூடுவது, வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றிப் பீரோவில் வைப்பது. ரிப்பேர் பார்க்க வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்பது. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்தே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டும் என்பதால், வாரம் ஒருமுறை எடுத்துவிட்டுக் கழற்றி வைப்பது.

ஒருநாள் காலை வந்து பார்க்கும்போது ஃபைல்கள் திறக்காமல், பணம் கேட்டு மிரட்டல் இருந்தால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்க வேண்டும். வைஃபையை அணைக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய அவசரப்படக் கூடாது, தடயம் போய்விடும். திரையை செல்போனில் படம் எடுத்து, பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஆறு மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான். செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949. பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் 1930. துறைமுகத்துக்கோ முனையத்துக்கோ வேலை பார்ப்பவர்கள் அங்கேயும் உடனே சொல்லிவிட வேண்டும். அவர்கள் உங்கள் ஐ.டி.யைக் கொஞ்ச நேரம் முடக்கி வைப்பார்கள். அன்றைய வேலை கெடும்தான்.